பல் மருத்துவமனைத் தண்ணீரில் ஓர் அறிவியல் பாடம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பல் மருத்துவர் என்றதும், இருவேளை பல் துலக்குவதைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதை நீங்களே மாணவர்களுக்கு நன்றாகச் சொல்லித் தருகிறீர்கள். நான் பேச வந்தது, சிகிச்சையின்போது நோயாளியின் வாயில் தெளிக்கப்படும் தண்ணீரைப் பற்றி.

பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். அது, நாற்காலியோடு இணைந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக வருகிறது. குழாயின் உள்விட்டத்தைச் சுமார் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கணக்கு. இந்தக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் தண்ணீர் 3.14 மி.லி. மட்டுமே. அதன் உட்சுவரின் பரப்போ 62.8 சதுர செ.மீ. அதாவது, ஒவ்வொரு மி.லி. தண்ணீரும் 20 சதுர செ.மீ. சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 30 செ.மீ. விட்டமுள்ள உருளை வடிவ வாளியின் பக்கச்சுவரோடு ஒப்பிட்டால் இது 150 மடங்கு.

சுவர் ஏன் முக்கியம்? பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஒரு பரப்பில் ஒட்டி வாழவே விரும்புகின்றன. ஒட்டியபின் வழவழப்பான ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியேறுகின்றன. இதுதான் உயிரிப்படலம். காலையில் எழுந்ததும் நாக்கில் தட்டுப்படும் பற்காரையும் அதுவே. 1683இல் லீவன்ஹூக் தம் பற்களில் இருந்து சுரண்டி நுண்ணோக்கியில் கண்டு வியந்ததும் இதைத்தான்.

குழாயில் தண்ணீர் ஓடும்போதும் சுவரை ஒட்டிய அடுக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரவிலும் விடுமுறையிலும் தண்ணீர் முழுவதும் தேங்கி நிற்கும். படலம் வளர இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 1963இலேயே பிளேக் என்பவர் பிரிட்டனில் இந்தத் தண்ணீரில் பாக்டீரியாக்கள் இருப்பதை எழுதினார்.

பெரும்பாலான நோயாளிகளை இது பாதிப்பதில்லை. ஆனால் பாதித்த நிகழ்வுகளும் உண்டு. 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண்மணி ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். அதே கிருமி அவர் சென்ற பல் மருத்துவமனையின் குழாய்த் தண்ணீரில் இருந்தது. 2016இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அனஹைம் நகரில், பால்பல் கூழ் சிகிச்சை செய்துகொண்ட 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமியால் பாதிக்கப்பட்டனர். பலருக்குத் தாடையில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது; சிலர் நிரந்தரப் பற்களையும் இழந்தனர். உங்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் அவர்களில் பலருக்கும்.

'சுத்திகரித்த தண்ணீரை ஊற்றினால் போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. தூய தண்ணீரும் படலம் படிந்த குழாயைக் கடந்துதானே வாய்க்கு வரவேண்டும்? ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 விநாடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அது முந்தைய நோயாளியின் வாயிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டதை வெளியேற்றும், படலத்தை அசைக்காது. படலத்தை அடக்க, உற்பத்தியாளர் சொல்லும் கிருமிநீக்கி மருந்தை முறைப்படி செலுத்த வேண்டும். பலன் கிடைத்ததா என்பதைத் தண்ணீரைப் பரிசோதித்தே அறியமுடியும். சாதாரண சிகிச்சைக்கு, ஒரு மி.லி.யில் 500 பாக்டீரியாக் காலனிகளுக்கு மேல் வளரக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை. அறுவை சிகிச்சைக்கோ கிருமி நீக்கிய உப்புநீரைத் தனி வழியில்தான் செலுத்த வேண்டும்.

இதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுசெல்வது? மாணவர்களின் தண்ணீர்ப் பாட்டில்களே போதும். சில நாள் கழுவாத பாட்டிலின் உட்புறத்தை விரலால் தடவச் சொல்லுங்கள்; வழவழக்கும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கிய பின் மீண்டும் தடவட்டும். வழவழப்பு அப்படியே இருக்கும். பிறகு பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கட்டும். கடைசியில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வாய் கொப்பளிப்பது பல் துலக்குவதற்கு ஈடாகாது என்பது அன்று அவர்களுக்குத் தானே விளங்கும். பிரஷ் நுழையமுடியாத குழாய்க்கு ஏன் மருந்து தேவை என்பதும் விளங்கும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், குடிநீர்க் குழாய்களைச் சிறிது நேரம் திறந்துவிட்ட பிறகே பிள்ளைகளைக் குடிக்க விடுங்கள். தொட்டியைக் கழுவும்போது குழாய் முனைகளையும் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுப் பெற்றோர் பல் மருத்துவரிடம் போகத் தயங்கக்கூடாது. சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விடுவதுதான் நாம் அன்றாடம் காணும் ஆபத்து. பயப்படுவதற்குப் பதில் கேள்வி கேட்கட்டும்: 'இந்தக் குழாய்களை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?' முறையாகச் செய்யும் மருத்துவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். அப்படிக் கேட்கத் தெரிந்த தலைமுறையை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.