ஔவையாரின் ஊதாப் பழம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் என்னை நீரிழிவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வயதுக்குப் பொருத்தமான விடயம்தான். ஆனால் மத்தியானம் பாயாசம் இருப்பதாக அறிகிறேன். அதைக் கெடுக்க விருப்பமில்லை. நான் ஓர் எழுத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். உயிரெழுத்துப் பன்னிரண்டில் கடைசி எழுத்து, ஔ.

1986இல் நாங்கள் ஆண்டு ஒன்று. கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வரும் சத்தம் கேட்டால் வாங்குக்குக் கீழே போய்விடுவோம், ஓய்ந்ததும் வெளியே வந்து விட்ட இடத்தில் நிறம் தீட்டுவோம். ரீச்சர் எழுத்துக்கு ஒரு தாள் தன் கையால் வரைந்து, ரோனியோ செய்து தருவா. அ தாளில் அணில், ஆ தாளில் ஆடு. எழுத்து உள்ளே வெறுமையாக, கோட்டுருவாக இருக்கும். எழுத்தையும் படத்தையும் ஒரே நிறத்தால் நிரப்ப வேண்டும். ஔவுக்கு வந்தபோது ரீச்சருக்கு அதிகம் தெரிவு இருக்கவில்லை. ஔவில் தொடங்கும் சொற்கள் எங்களிடம் குறைவு. ஔடதம் என்றால் மருந்து. ஆறு வயதுக்கு அதை எப்படி வரைவது? ஆகவே பொல்லூன்றிய ஔவையார், பக்கத்தில் நாவல் மரம்.

என் ஔவையார் படுமோசம். கோட்டுக்கு வெளியே நிறம் ஓடி, கிழவி மழையில் நனைந்ததுபோல் நின்றா. எனக்குப் பக்கத்தில் இருந்தவளிடமும் ஆறு பென்சில் பெட்டிதான். அதில் ஊதா இல்லை. அவள் நீலத்தின் மேல் சிவப்பை மெல்ல மெல்லத் தேய்த்து, உண்மையான நாவற்பழ நிறத்தை வரவழைத்தாள். அதே நிறத்தில் ஔவையும் நிரப்பினாள். ஒரு இடத்திலும் கோடு தாண்டவில்லை. அந்தத் தாள் வருட முடிவுவரை சுவரில் தொங்கியது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

அவளைப் பற்றி அவளுடைய சம்மதத்தோடுதான் பேசுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். யாரென்று திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் திரும்பிவந்து வகுப்புகள் கூடியபோது பல இடங்கள் வெறுமை. அவளுடைய இடமும் அதில் ஒன்று. யுத்தம் அவளுடைய படிப்பைப் பறித்துவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். நானும் அப்படியே நம்பி, மருத்துவபீடம் போய், வைத்தியராகி, ஒன்றிரண்டு மேடையில் அதை உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் என் கிளினிக்குக்கு ஒரு தாய் தன் மகளோடு வந்தா. பிள்ளைக்கு ஏழு வயது. எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுச் சீருடை. "டொக்டர், பிள்ளை நல்லா நிறம் தீட்டுவா. வாசிக்கச் சொன்னால்தான் வயித்துக்குத்து எண்டு அழுறா." கொப்பியைத் திறந்து காட்டினா. ஔவையார். பழம் ஊதா.

நான் தாயை நிமிர்ந்து பார்த்தேன். "உனக்கு இப்பதான் என்னைத் தெரியுதே?" என்று கேட்டாள்.

படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் ஔ எழுதிப் பிள்ளையிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தது. பிறகு மிக மரியாதையாகக் கேட்டது: "டொக்டர் அன்ரி, இது என்ன நிற எழுத்து?"

தாய் அழத் தொடங்கினாள். "எனக்கும் ஒருநாளும் வாசிக்கத் தெரியாதடி. கலரையும் படத்தையும் பாத்துச் சொன்னனான். கரும்பலகையில இருக்கிறதைப் படம் கீறுறமாதிரிப் பாத்துக் கீறினனான். நீ வழியில பாடம் சொல்லிக்கொண்டு வருவாய், அதைப் பாடமாக்குவன். தொண்ணூற்றாறில அம்மா பள்ளிக்கூடம் போகச் சொல்லித்தான் நிண்டவா. நான்தான் மாட்டன் எண்டனான். ஓ.எல். பேப்பரில கலர் இராதே."

சகோதரிகளே, அந்தச் சுவரில் தொங்கிய தாளைப் பத்து மாதம் பார்த்தவர்கள் நாங்கள். அது அழகாக இருந்ததால்தான் ஒருவரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. என் கோணல் ஔவையாரைப் பார்த்து ரீச்சர் என்னைத்தான் மூன்றுமுறை வாசிக்க வைத்தா. ரீச்சரைக் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், தலைக்கு மேலே ஷெல்.

நிறந்தீட்டல் கூடாதென்று நான் சொல்லவரவில்லை. விரலுக்குப் பலம் வரும், பென்சிலைப் பிடிக்கப் பழகும். மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்துக் கீறும் கை, நாலரை, ஐந்தில்தான் சதுரத்தைக் கீறும். முக்கோணம் அதற்கும் பிறகு. இரண்டு கோட்டில் முடியும் ட, மூன்று கோட்டில் முடியும் ப எல்லாம் கைக்கு இலகு. ஔ அப்படியல்ல, சுழித்து, வளைத்து, பிறகு ளகரம் போன்ற ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தவேண்டும். அதைப் பிள்ளை "ஒள" என்று வாசித்தால் நான் பிள்ளையோடுதான் நிற்பேன். ஆனால் கோட்டுக்குள் நிறம் நிரப்பும் கை, அந்த எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அறியாமலே வேலையை முடித்துவிடலாம்.

2012இல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுத்துகளைச் சிலவற்றைத் தாமாக எழுதினார்கள், சிலவற்றின் மேல் கீறினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு மூளையை ஸ்கான் செய்து பார்த்தபோது, தாமாக எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான் வாசிப்புக்கு உதவும் பகுதிகள் கூடுதலாக விழித்துக்கொண்டன. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்போமே, அதை அன்றோடு நிறுத்தாமல் ஒவ்வொரு நாளும், விரலை விட்டுவிட்டுச் செய்தால் என்ன?

அவளுக்கு இருந்தது இன்னதென்று, முப்பத்தைந்து வருடம் கழித்துப் பெயர் வைக்க எனக்கு உரிமையில்லை. மகளுக்கு முதலில் கண்ணும் காதும் சோதித்தோம், இரண்டிலும் குறையில்லை. இப்போது கிழமைக்கு இரண்டு நாள் விசேட பயிற்சிக்குப் போகிறாள். ஏழு வயது வரைக்கும் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றி எழுதுவது பல பிள்ளைகளுக்கு வழக்கம்; அதற்காக ஒருவரும் பயப்பட வேண்டாம். படத்தை மறைத்தால் எழுத்தும் மறைந்துபோகிற பிள்ளையை மட்டும், தயவுசெய்து, "மொக்கு" என்றும் சொல்லாதீர்கள், "வடிவாக் கீறுறாள்" என்று விட்டும் விடாதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நிறந்தீட்டும் தாள்களை அச்சடித்துக் கொடுக்கிற எங்கள் தங்கைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். தாளைத் திருப்பிப் போடுங்கள். வெறும் பின்பக்கத்தில் பிள்ளை அந்த எழுத்தைத் தானாக, கறுப்பில், ஒருமுறை எழுதட்டும்.

ஆரம்பப் பிரிவுக்குப் பெரிய திரை வாங்க நிதி சேர்ப்பதாக அறிவித்தார்கள். நானும் தருவேன். அதோடு இன்னொரு கணக்கும் திறக்கும்படி தலைவியிடம் கேட்டிருக்கிறேன்: ஆண்டு ஒன்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கண், காதுப் பரிசோதனை, மணல் நிரப்பிய தட்டுகள், பின்தங்கும் பிள்ளைகளோடு இருந்து வாசிக்க ஓர் ஆசிரியைக்குப் பகுதிநேரச் சம்பளம். அடுத்த தவணை தொடங்கும் முதல் வாரம் நான் பரிசோதனைக்கு வருவேன். கூட வரக்கூடியவர்கள், கண் வைத்தியர்களாக இருந்தாலும் சரி, பிள்ளைகளை வரிசையில் இருத்தி வைத்திருக்கத் தெரிந்தவர்களாக இருந்தாலும் சரி, வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அந்தக் கொப்பிக்கு உறை தைத்துத் தந்தவள் அவள்தான். நிறத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.