குஷ்டம் யார் இட்ட சாபம்?



நாம் இன்று ஒரு நகக்கீறலைப் பற்றிப் பேசப் போகிறோம். இதென்ன அற்ப சங்கதி என்று சிரிக்க வேண்டாம். கைத்தோலை நகத்தால் அழுத்திக் கீறினால், கீறின கோடு சிவக்கிறது. சற்று நேரத்தில் நகம் படாத சுற்றுப்புறமும் சிவக்கிறது. படாத இடம் ஏன் சிவக்க வேண்டும்?

இங்கிலாந்து தேசத்து வைத்தியர் தாமஸ் லூயிஸ் 1927-இல் இதை விளக்கி எழுதினார். தோலில் வலியை உணரும் நரம்பு பல கிளைகளாய்ப் பிரிந்திருக்கிறது. ஒரு கிளையில் ஏறிய சேதி மேலே போவதோடு, பக்கத்துக் கிளை வழியாய்த் தோலுக்கே திரும்பியும் வருகிறது. அங்கே நரம்பின் நுனி ஒரு வஸ்துவைக் கக்குகிறது. அது சிறு இரத்தக் குழாய்களை விரிக்க, இரத்தம் பெருகித் தோல் சிவக்கிறது. சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதத் துணுக்கே இதில் முக்கியமானது என்பது 1980-களில் தெளிவாயிற்று.

இதற்கும் குஷ்டத்திற்கும் சம்பந்தமென்ன? குஷ்டக் கிருமி கெடுப்பது இந்த நரம்புகளைத்தான். ஆகவே குஷ்டத் திட்டில் ஹிஸ்டமின் துளி வைத்து ஊசியால் குத்தினால், குத்தின இடம் தடிக்கும், சுற்றுப்புறம் சிவக்காது. கறுத்த மேனியில் சிவப்பு சரியாய்த் தெரியாதாகையால், பஞ்சால் தொட்டும் உணர்ச்சி பார்க்கிறார்கள். பூர்வஜன்மப் பாவம் இதில் எங்கே நுழைந்தது என்று கேட்கிறோம். கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-இலேயே கண்டுவிட்டாரே!

நமது நாகர்கோவில் நாகராஜா கோயிலில் மண்ணைப் பிரசாதமாய்க் கொடுக்கிறார்கள். களக்காட்டு அரசன் ஒருவனுக்கு இங்கே தோல்வியாதி தீர்ந்ததாகக் கதையும் சொல்லுகிறார்கள். அதை நம்பி மண்ணைப் பூசிக் காத்திருப்பவன் கதியென்ன? மரத்துப்போன விரலுக்கு அடுப்பு சுடுவதும் தெரியாது, முள் தைப்பதும் தெரியாது. புண் புரையோடி விரல் குறைகிறது. விரலைக் கொண்டுபோவது பெரும்பாலும் வலியில்லாமையே என்பதை, 1940-களின் கடைசியில் வேலூரில் வேலை தொடங்கிய டாக்டர் பால் பிராண்டு எடுத்துக் காட்டினார்.

1982 முதல் கூட்டு மருந்து வழக்கத்திலிருக்கிறது. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காய்ச் சாப்பிட்டால் நோய் தீரும். ஆனால் செத்த நரம்பு பிழைப்பது அரிது.

ஆகையால் தோழர்களே! வீட்டில் யாருக்காவது உணர்ச்சியற்ற திட்டு கண்டால் மறைக்காதீர்கள், ஒதுக்காதீர்கள்; உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கோயில் மண் எங்கும் ஓடிப்போகாது, நரம்போ காத்திராது.