கலத்தை விழுங்கும் கலம்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியிலே, நெல்லியடிச் சந்தைக்கு அணித்தாக உள்ளது கரவெட்டி. வீட்டுக்கு வந்தவரை வெற்றிலைத் தட்டம் நீட்டி வரவேற்பது எங்கள் பகுதியின் நெடுநாள் வழக்கம். புகையிலையும் எங்களுக்கு அயற்பொருள் அன்று. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை கடல் கடந்து விலைபோனது.

அவ்வூர் முதியவள் ஒருத்தி, கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணோடு இருந்தவள், ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "தம்பி, உடம்புக்குள்ளே கெட்டதைப் பிடித்துத் தின்னுகிற காவலாட்கள் இருக்கினமாம். பேரன் புத்தகத்திலே படிக்கிறான். அப்படியெண்டால் இந்தப் புண்ணை அவை ஏன் தின்னாமல் விட்டவை?"

படிப்பறிவில்லாத முதியவளின் கேள்விதான். ஆயினும் இன்றைய புற்றுநோய் ஆராய்ச்சியாளர் பலரைச் சிந்திக்க வைக்கும் கேள்வியும் அதுவே. அதற்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. அவற்றுட் சில, பிற பொருளைச் சூழ்ந்து விழுங்கிச் செரிக்கும் ஆற்றல் உடையவை. 1882ஆம் ஆண்டிலே, இத்தாலியின் மெசினா நகரில், மெச்னிக்கோவ் என்னும் உருசிய அறிஞர் நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற குடம்பி ஒன்றின் உடலில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, அசையும் கலங்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். அவையே தின்குழியங்கள் எனப் பின்னர் பெயர் பெற்றன. அக்கண்டுபிடிப்பின் வழி வந்த ஆய்வுகளுக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போல் ஏர்லிக் என்பவர் அதனைப் பங்கிட்டுக்கொண்டார்.

இத்தின்குழியங்கள் கிருமிகளை மட்டுமன்றி, மூப்படைந்த நம் சொந்தக் கலங்களையும் விழுங்கி அகற்றுகின்றன. புற்றுக்கலத்தையும் அவை விழுங்க வல்லவை. பின் ஏன் விடுகின்றன?

நல்ல கலம் ஒவ்வொன்றும், "என்னை உண்ணாதே" என்று சொல்லும் அடையாளப் புரதம் ஒன்றைத் தன் மேற்பரப்பில் தாங்கி நிற்கிறது. சீ.டி. 47 என்பது அதன் பெயர். தின்குழியம் அவ்வடையாளத்தைத் தொட்டுணர்ந்து விலகிப் போகிறது. பலவகைப் புற்றுக்கலங்கள் அதே புரதத்தை மிகுதியாக அணிந்துகொள்கின்றன. குருதிப் புற்றுநோயில் இது நிகழ்வதை அமெரிக்காவின் இசுடான்போட் பல்கலைக்கழகத்தார் 2009இல் விளக்கினார்கள். காவலாளி உறங்கவில்லை, கள்வன் வீட்டுக்காரனின் சால்வையைப் போர்த்துக்கொண்டு நிற்கிறான்.

அச்சால்வையைக் களைய மருந்துகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் முன்னணியில் நின்ற ஒன்று, குருதிப் புற்றுநோயாளரிடையே எதிர்பார்த்த பயனைத் தராமையால் 2024இல் அப்பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. முயற்சி கைவிடப்படவில்லை, ஆனால் வழி எளிதன்று என்பது தெளிவாயிற்று.

இனி, இதற்கு மறுபுறமும் உண்டு. காவற்கலம் புற்றுக்கலத்தை விழுங்குவது போலப் புற்றுக்கலமும் பிற கலங்களை விழுங்குவதுண்டு. ஒரு கலத்தின் வயிற்றினுள் இன்னொரு கலம் வட்டமாய் அமர்ந்திருக்க, வெளிக்கலத்தின் கரு பிறைபோல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் காட்சியை நோயியலாளர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே கண்டு வந்தனர். பறவையின் கண் போன்றது என அதற்குப் பெயரும் வைத்தனர். தன்னைத் தாக்க வந்த வெண்குருதிக் கலத்தையே உயிரோடு விழுங்கி இரையாக்கும் புற்றுக்கலங்களும் உள்ளன என்பதை இத்தாலிய ஆய்வாளர் 2006இல் எடுத்துக்காட்டினர்.

2007இல் வேறொரு புதுமை வெளிவந்தது. பிடிமானத்தை இழந்த கலம், தானாகவே அயற்கலத்தினுள் நுழைந்து விடுகிறது! என்ரோசிசு என்று அதற்குப் பெயரிட்டார்கள். உட்புகுந்த கலம் பெரும்பாலும் அங்கேயே செரிக்கப்பட்டு மாள்கிறது. சில வேளை உள்ளேயே பிரிந்து பெருகுகிறது. சில வேளை உயிரோடு வெளியேறுகிறது.

இது நமக்கு நன்மையா, தீமையா? புற்றுக்கலம் ஒன்று மாள்வதால் கட்டியின் வளர்ச்சி தடைப்படலாம் என்பது ஒரு பக்கம். ஆனால் விழுங்கிய கலமோ பட்டினிக் காலத்தில் உணவு பெறுகிறது. மேலும், உள்ளிருக்கும் சுமையினால் அது இரண்டாகப் பிரிய முடியாமல், இரு கருக்களோடு தேங்கி, நிறமூர்த்தங்களின் கணக்குக் குலைந்ததாகிறது. அக்குழப்பம் நோயின் கொடுமையை வளர்க்கக்கூடியது. மருந்தின் தாக்குதலுக்குப் பின் எஞ்சிய மார்பகப் புற்றுக்கலங்கள் அயற்கலங்களை உண்டு நெடுநாள் நிலைத்ததாக 2019இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. ஆகவே ஒரே செயல், இடம் நோக்கி மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. வாய்ப்புற்றிலும் இத்தகைய கலங்களை இந்திய நோயியலாளர் கண்டு ஆராய்ந்திருக்கின்றனர்.

நேயர்களே, கலத்துக்குள் நடக்கும் இப்போரை நாம் வெறுங்கண்ணாற் காண முடியாது. ஆனால் அது தொடங்கும் இடத்தைக் காணலாம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை மட்டுமே குற்றவாளி என்று பலர் எண்ணுகின்றனர். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது.

வாயைத் திறந்து பார்ப்பதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டா. திருவனந்தபுரத்திலே 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊர்நலப் பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005இல் முடிவு வெளியாயிற்று. ஒரு கைவிளக்கும் கூர்ந்த கண்ணும் செய்த வேலை அது.

வெள்ளைத் தழும்பு, செந்நிறத் தழும்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாய் திறக்க இறுக்கம்: இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது. வடமராட்சியார்க்கு மந்திகையில் ஆதார வைத்தியசாலை உண்டு. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையும் உண்டு. அதற்குப் பொருள் திரட்டவே 2011இல் தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரை, இனமும் மொழியும் பாராது, மக்கள் கால்நடையாக நடந்து வந்தார்கள்.

அம்முதியவளுக்கு நான் சொன்ன விடை சிறியது. "ஆச்சி, காவலாட்கள் ஏமாந்து போச்சினம். இனி நாங்கள்தான் பார்க்க வேணும்," என்றேன். அவள் சென்றாள், ஆனால் பத்து மாதம் புண்ணை மறைத்துவைத்த பின்னரே சென்றாள். உயிர் தப்பியது, கன்னத்தில் ஒரு பகுதி போயிற்று. முதல் மாதமே போயிருந்தால் அதுவும் தப்பியிருக்கலாம் என்று இன்று அவளே அயலாருக்குச் சொல்லி வருகிறாள். வீட்டுக்கு வருவோர்க்கு அவள் இப்போது நீட்டுவது தட்டம் அன்று. செம்பு நிறைந்த தண்ணீர்.

இன்றிரவு உறங்குமுன், உங்கள் வீட்டு முதியவரின் வாயை ஒருமுறை விளக்கொளியிற் பாருங்கள்.