ரெக்கார்டு நோட்டும் மொரீஷியஸ் கிளியும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் கிளியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் விழாக்குழுவில் ஒரு அண்ணன், "ஜோசியமா தம்பி?" என்றார். இல்லைங்க. வேலை விஷயமாக ஒன்றரை வருஷம் மொரீஷியஸில் இருந்தேன். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கிற ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்குப் போனபோது, வழிகாட்டியாக வந்த பெரியவர் ஒரு மரத்தைக் காட்டி, "எக்கோ கிளி! உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும்தான்" என்றார். பார்த்தேன். பச்சை உடம்பு, கழுத்தில் ஆரம். நான் சும்மா இருந்திருக்கலாம். "இதென்ன சார், எங்க ஸ்ரீரங்கத்துல கோபுரத்துக்குக் கோபுரம் உட்கார்ந்திருக்கு. பத்து ஜோடி அனுப்பட்டுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. 1980-களில் அந்தக் கிளி ஏறக்குறைய பத்துதான் மிச்சமாம். அதைக் காப்பாற்ற கார்ல் ஜோன்ஸ் போன்றவர்கள் கூட்டுப்பெட்டி கட்டி, தீனி வைத்து, நோஞ்சான் குஞ்சுகளைக் கையில் வளர்த்துப் பாடுபட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கிளியும் அதுவும் ஒன்றுதான் என்றால் அத்தனை பாடும் வீண்தானே? என் கேள்வி கேலியாக வந்தாலும் கேள்வி என்னவோ நியாயமானதுதான். அறிஞர்களிலேயே சிலர் அதை நம் பச்சைக்கிளியின் கிளைவகை என்றுதான் ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இதற்குப் பதில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோது எனக்கு நம் லேப்தான் ஞாபகம் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். அவர் ஒரு இடத்தில் 8.2-ஐ 2.8 என்று எழுதியிருந்தார். பதினோரு பேர் ரெக்கார்டிலும் 2.8! அதில் நாலு பேரிடம் இன்னொரு தப்பும் சேர்ந்து இருந்தது, ஏனென்றால் அவர்கள் என்னைப் பார்த்து எழுதியவர்கள். சார் அரை மணி நேரத்தில் வம்சாவளியே போட்டுவிட்டார். "சரியா எழுதினதை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதுடா, தப்பை வெச்சுத்தான் முடியும்" என்றார்.

மரபணுவிலும் அதே கதைதான். தலைமுறைக்குத் தலைமுறை டி.என்.ஏ. பிரதி எடுக்கப்படும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறுகிறது. அந்த மாற்றம் சந்ததிக்கெல்லாம் போகிறது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை எடுத்து, எந்தெந்தக் கிளிக்கு எந்தெந்த மாற்றம் பொது என்று பார்த்தால் யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்பது தெரியும். செத்து நூறு வருஷமான கிளியாக இருந்தாலும் பரவாயில்லை. அருங்காட்சியகத்துத் தோலின் பாதத்திலிருந்து கடுகளவு கிள்ளினால் போதும். ரோட்ரிகஸ் தீவின் நீலச்சாம்பல் கிளிக்கு உலகத்தில் இரண்டே தோல்கள், கேம்பிரிட்ஜில். கடைசியாகக் கிடைத்தது 1875-ல். அதுவும் நம் பச்சைக்கிளி வம்சத்தோடுதான் சேர்கிறது. சீஷெல்ஸில் இருந்து அழிந்துபோன கிளியோ, தோளில் சிவப்புத் திட்டுள்ள நம் பெரிய பச்சைக்கிளிக்குச் சொந்தம்.

எக்கோ கிளியும் நம் பச்சைக்கிளி வழி வந்ததுதான். ஆனால் பிரிந்து லட்சக்கணக்கான வருஷம் ஆகிவிட்டது. எத்தனை லட்சம் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது, மரபணுக் கடிகாரத்தை எதை வைத்து முடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஸ்ரீரங்கமும் தீவுதான், ஆனால் கொள்ளிடத்தைக் கிளி ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடும். அக்கரையும் இக்கரையும் கலந்துகொண்டே இருப்பதால் தனி வகை உண்டாக வழியில்லை. மொரீஷியஸ் அப்படியல்ல. எரிமலை கக்கி ஏறக்குறைய எண்பது லட்சம் வருஷத்துக்கு முன் எழுந்த தீவு. எப்போதோ காற்றில் அடித்து வந்த சில கிளிகள் அங்கேயே மாட்டிக்கொண்டு மாறிப் போயின. வால் குட்டையாச்சு, பச்சை அடர்த்தியாச்சு. நம் ஊரில் ஆண், பெண் இரண்டுக்கும் மூக்கு சிவப்பு. அங்கே பெண் கிளிக்குக் கறுப்பு! இது என் கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை பாருங்கள்.

திரும்பி வருவதற்கு முன் அந்தப் பெரியவரை மறுபடி போய்ப் பார்த்து, அன்றைக்குப் பேசியது தப்பு என்று சொன்னேன். இந்தத் தடவை சிரித்தார். எழுநூறைத் தாண்டிவிட்டதாம். 2019-ல் அபாயப் பட்டியலில் ஒரு படி கீழே இறக்கியும் விட்டார்கள்.

"பத்து ஜோடி அனுப்பறேன்னீங்களே, சிரமம் வேண்டாம். உங்க ஊர்க் கிளி ஏற்கெனவே வந்தாச்சு" என்றார். வளர்க்கக் கொண்டுவந்து, 1886 வாக்கில் கூண்டிலிருந்து தப்பியவை. இப்போது ஆயிரக்கணக்கில் பெருகி, எக்கோ கிளியின் மரப்பொந்துகளுக்குப் போட்டி போடுகின்றன. 2005 வாக்கில் எக்கோ கிளிகளைத் தாக்கிய அலகு இறகு நோயின் கிருமி இவற்றிலும் இருக்கிறது.

அப்போதுதான் எங்கள் தலைக்கு மேல் இரண்டு கிளிகள் கத்திக்கொண்டு போயின. "இது எங்களுதா, உங்களுதா, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். வாலைப் பார்த்து, "எங்களுது" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.