பாட்டன் பிறந்த பத்திரம் எங்கே?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் பதுளை இலவச சட்ட உதவி அலுவலகத்தார் நிகழ்த்திய உரை)



அரைநாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

எங்கள் அலுவலகப் படியேறி வருகிறவர்களில் பலர் வழக்குப் போட வருவதில்லை. ஒரு கடதாசிக்காக வருகிறார்கள். பாஸ்போட் எடுக்கப் போன பிள்ளையிடம் தாயின் பெயர் பிழை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சேமலாப நிதி கேட்டுப் போன அம்மாவிடம் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று திருப்பியிருப்பார்கள். சில வயதானவர்களுக்கு அடையாள அட்டையே கிடையாது. பார்ப்பதற்கு இவையெல்லாம் எழுதினவர் கைத்தவறு போலத் தெரியும். ஆனால் ஏன் நம்மிடம் மட்டும் இத்தனை பேர் இப்படி என்று கேட்டால், 1948ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது அது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்பைப் பதிவது இந்த நாட்டில் கட்டாயமானதே 1897இல்தான். அப்படியிருக்க, கோப்பிக் காலத்தில் காட்டுப் பாதையில் நடந்து வந்து, லயத்தில் பிறந்து, லயத்தில் செத்த மனுசனுக்கு எங்கிருந்து பத்திரம் வரும்? பக்கத்துக் கிராமத்துக்காரரிடமும் பாட்டன் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அதில் நம் பதுளையும் ஒன்று, எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்குத்தான் வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் நம்மவர் ஒருவர்கூட வரவில்லை. தொழிற்சங்கக்காரர்கள் இதை மறக்கக் கூடாது: வாக்கு போனதால் பிரஜாவுரிமை போகவில்லை, பிரஜாவுரிமையைப் பிடுங்கித்தான் வாக்கைப் பிடுங்கினார்கள்.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் இல்லை. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. சட்டத்தின் எழுத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் இல்லை. எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் எழுதியிருந்தார்கள். சட்டத்தரணிகளாகிய நாங்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் வாசிப்பது, பொதுவாக எழுதிய விதி யார் தலையில் விழுகிறது என்று பார்க்கப் பழகுவதற்காகத்தான்.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் பிரஜாவுரிமை தருவதாகச் சொன்னது. கலியாணம் முடித்தவருக்கு 1946க்கு முன் 7 வருடம், மற்றவருக்கு 10 வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும். மனுப் போடக் கெடு 1951 ஆகஸ்ட். நம் தலைவர்கள் முதலில் பகிஷ்கரித்து, பிறகு கடைசி மாதங்களில் ஓடி ஓடி மனு நிரப்பினார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிஞ்சியவர்களைத்தான் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. கோச்சியில் ஏறித் தலைமன்னார் போனவர்களின் அழுகையை இங்கே இருக்கும் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். 1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சுமார் 84,000 பேர் போகாமலே இங்கே தங்கினார்கள்.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதையெல்லாம் பெரும்பாலும் முடித்து வைத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்கள் சந்ததியும் இலங்கைப் பிரஜைகள். கப்பல் கிடைக்காமல் நின்றுபோனவர்களுக்கும் அதில் வழி உண்டு. சட்டம் வந்த கையோடு 10 நாளில், நடமாடும் முகாம்கள் வைத்து, 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்குக் கடதாசி கொடுத்தார்கள். தொழிற்சங்கமும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

அப்படியானால் இன்னும் என்ன தகராறு? சட்டம் மாறியது, மேசைக்கு மேசை அந்தப் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. பசறைப் பக்கத்து அம்மா ஒருவர் 37 வருடம் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்ததால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் வேறு பெயர் எழுதிவிட்டார். பிறப்புப் பதிவே இல்லை. ஓர் அலுவலகத்தில் “உன் அப்பா பிரஜாவுரிமை எடுத்த சான்றிதழைக் கொண்டு வா” என்றார்கள். அப்படி ஒன்றை இன்று கேட்கவே தேவையில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்த அம்மாவோடு யாரும் போகவில்லை. இரண்டு வருடம் பேசாமல் வீட்டில் இருந்துவிட்டார். பணம் நிதியிலே கிடந்தது.

நாங்கள் செய்தது பெரிய வாதாட்டம் ஒன்றுமில்லை. தம்பியின் பிறப்புப் பத்திரத்தில் தாய் தகப்பன் பெயர் இருந்தது. பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் பிறந்த தேதி இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று தெரிந்த பெரியவர்கள் இருவர் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பிறப்புப் பதிவு, பிறகு அடையாள அட்டை, பிறகு பணம். 14 மாதம் பிடித்தது. எங்கள் தொழிலில் பாதி இப்படித் தகரப் பெட்டியைக் கிளறுவதுதான்.

அதனால் எதையும் எரிக்காதீர்கள். பழைய கூப்பன் புத்தகம், ஞானஸ்நானப் பத்திரம், பிள்ளைக் காம்பராத் துண்டு, காலாவதியான இந்தியப் பாஸ்போட், தள்ளுபடியான மனுவின் கடிதம் எல்லாம் சாட்சி. மழைக்கும் மண்சரிவுக்கும் எட்டாத இடத்தில் பொலித்தீன் பைக்குள் வையுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. குழந்தை பிறந்தால் 42 நாளுக்குள் பதியுங்கள். பெயரை எழுதும்போது எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் துரை உறுதிப்படுத்தலாம். அது அவர் செய்யும் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கரையில் இருக்கும் நம் சொந்தங்களையும் நினைக்க வேண்டும். கலவரத்தில் தமிழகம் போன மலையகக் குடும்பங்கள் இன்னும் முகாம்களில் இருக்கின்றன. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த 65 பேர் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுக்களில், 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவர்கள் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அங்கிருந்து யாராவது பிறப்புப் பத்திரம் கேட்டு எழுதினால், தேடிக் கொடுங்கள்.

புரோக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடமும் போகலாம், எங்களிடமும் வரலாம். தனியாக வராமல், தோட்டத் தலைவியைக் கூட்டிக்கொண்டு வந்தால் பாதி வேலை வழியிலேயே முடிந்துவிடும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரிவுகள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். தமிழில் கேட்டு நாங்கள் எழுதித் தருகிறோம். இப்போதே யாராவது கையில் வைத்திருந்தால், கூட்டம் முடிந்ததும் அந்த ஓரத்து மேசைக்கு வாங்க.