கேட்பது எந்தப் பூட்டின் சாவி?

(மண்ணூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்த தலைப்பு கைப்பேசிக் காப்புநகல், அதாவது பேக்கப். அதில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய போனில் இருந்ததைப் புதிய போனில் இறக்கும்போது திரை ஒரு கடவுச்சொல் கேட்கும். நன்றாகத் தெரிந்ததைத்தான் அடிப்போம். ‘தவறு’ என்று வரும்.

நம் பகுதியில் பெற்றோர் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களோடு பேச நமக்கு வாட்ஸ்அப்தான் வழி. எமிஸில் பதிந்தவை சர்வரில் இருக்கின்றன, போன் மாறினாலும் போகாது. ஆனால் இரவு ஷிப்டுக்கு நடுவில் ஒரு தாய் அனுப்பிய குரல்பதிவும், எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய படமும் எமிஸில் இல்லை.

கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்றால் முதலில் கேளுங்கள்: கேட்பது எந்தப் பூட்டின் சாவி? ஆண்ட்ராய்டில், 2018இல் வந்த 9ஆம் பதிப்பு முதல், கூகுள் காப்புநகல் அந்தப் போனின் திரைப்பூட்டைக் கொண்டே பூட்டப்படுகிறது. ஆகவே புதிய போன் கேட்பது பழைய போனின் பின் எண்ணை அல்லது பேட்டர்னை. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை அடித்தாலும், புதிய போனுக்கு வைத்த பின்னை அடித்தாலும் திறக்காது. என்னிடம் போனை நீட்டியவர்களில் பெரும்பாலோர் சிக்கியது இங்கேதான்.

வாட்ஸ்அப்பில் 2021 அக்டோபர் முதல் காப்புநகலுக்குத் தனிப் பூட்டு உண்டு. ஒரு கடவுச்சொல், அல்லது 64 இலக்கச் சாவி. இருபடிச் சரிபார்ப்புக்கு வைத்த ஆறு இலக்க எண் வேறு, இது வேறு. ஐபோனைக் கணினியில் நகலெடுக்கும்போதும் தனியாக ஒரு கடவுச்சொல் வைக்கிறோம். அதை மீட்கும் நாளில்தான் கேட்பார்கள், அதற்குள் மறந்திருக்கும்.

அடுத்தது எழுத்து. தமிழாசிரியர்கள் இதை ரசிப்பார்கள். தமிழில் கடவுச்சொல் ஏற்கும் இடத்தில் ஒருவர் ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று வைக்கிறார் என்று கொள்ளுங்கள். சில விசைப்பலகைகள் முதலெழுத்தை ‘ஸ’ கொண்டு ஆக்கும். சில, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டு ஆக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ‘ஔ’ என்பதற்கு ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுவதும் அப்படித்தான். பிள்ளைகளின் நோட்டில் நாம் சுழிக்கும் அதே பிழை! ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்கு முதலெழுத்து தானே பெரிதாவது, சொல்லின் முடிவில் தானே ஓர் இடைவெளி விழுவது போன்ற தொல்லைகள். கண் குறியைத் தொட்டு, அடித்ததைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உண்மையிலேயே மறந்துவிட்டால்? ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தவறினால் அந்தச் சாவி நிரந்தரமாகக் கிடைக்காமல் போய்விடும். சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஆலை ஐபோன் செய்கிறது. செய்தவர்களிடமும் இந்தச் சாவி இல்லை, ஆப்பிளிடமும் இல்லை. மென்பொருள் போட்டு உடைத்துத் தருகிறோம் என்பவர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 2016 டிசம்பரில் வந்த 10.2 பதிப்பு முதல், கணினியில் எடுத்த ஐபோன் நகலில் ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க ஒரு கோடி சுற்றுக் கணக்குப் போட வேண்டும். சொல்லின் பெரும்பகுதி நினைவிருந்தால் ஒழிய அது நடக்காது.

பழைய போன் கையில் வேலை செய்துகொண்டிருந்தால் கவலையே இல்லை. நகல் பூட்டியிருக்கிறது, மூலம் திறந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதிக்குள் கடவுச்சொல்லை மாற்றும் இடத்தில் ‘மறந்துவிட்டேன்’ என்பதைத் தொட்டு, திரைப்பூட்டைக் கொடுத்துப் புதியது வைத்து மறுபடி நகலெடுக்கலாம். ஐபோனில் ‘ரீசெட் ஆல் செட்டிங்ஸ்’ கொடுத்தால் காப்புநகல் கடவுச்சொல் நீங்கும். படங்களும் செய்திகளும் அழியாது, முகப்புப் படம் போன்ற அமைப்புகள் மட்டும் மாறும். பழைய நகல் திறக்காது, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ‘இரேஸ் ஆல் கன்டென்ட்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள்.

ஆகவே பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன், புதியதில் சென்ற ஆண்டுச் செய்தி ஒன்றைத் திறந்து பாருங்கள். இப்போது எல்லோரும் போனை எடுங்கள். சாட் பேக்கப் பகுதியில் அந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம்.