ஒரு கிண்ணம் கூடுதலாக

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்ன வீட்டில் சுலபமாகச் சமைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, என் மனைவியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "இல்லை சார், நீங்கதான்" என்றார். இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எங்கள் வீட்டில் பெருங்காய டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் 34 வருடம் ஷிப்டில் வேலை பார்த்தவன். திருவொற்றியூரில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதுதான் கதை. என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ, எண்ணூர் லேலண்ட் என்று சங்குச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த ஊர் இது. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் எதுவானாலும் வீட்டுக்கு வரும்போது மூடி வைத்த தட்டு ஒன்று காத்திருக்கும். அந்தத் தட்டு எப்படி நிறைந்தது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

போன வருடம் மோட்டார் போடப் போன இடத்தில் ஈரத்தில் வழுக்கி என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் வெளியூரில். முதல் இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு. மூன்றாம் நாள் அவளுக்கு வயிறு சரியில்லை. "என்னங்க, ஒரு ரசம் வைச்சுக் குடுங்க போதும்" என்றாள். அன்றைக்குத்தான் நான் அடுப்படிக்குள் நுழைந்தேன்.

எங்கள் அடுப்படி எட்டடிக்கு ஏழடி. உங்கள் வீட்டிலும் அதேதான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். உள்ளே நான் நின்றேன். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதல் ரசம் கொதித்துக் கொதித்துக் கஷாயம் மாதிரி ஆனது. "ரசம் கொதிக்கக் கூடாதுங்க. ஓரத்துல நுரை கட்டினதும் இறக்கணும்" என்றாள். 34 வருடம் சாப்பிட்ட ரசத்தின் ரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதில் முதலாவது, ஒரே அடுப்பில் ஒரே குக்கரில் முழுச் சாப்பாடு. குக்கரின் அடியில் அரை டம்ளர் துவரம் பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், இரண்டு சொட்டு எண்ணெய். அதன் மேல் ஒரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். அதற்கும் மேல் சின்னத் தட்டில் நறுக்கிய கேரட்டோ உருளைக்கிழங்கோ. நடுத்தரத் தீயில் ஐந்து விசில். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்தால் சாதம், பருப்பு, காய் மூன்றும் தயார். பருப்பின் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரை எடுத்து, புளிக்கரைசல், ஒரு தக்காளி, தட்டிய மிளகு சீரகம் பூண்டு சேர்த்தால் ரசம். கடைந்த பருப்பில் நெய்யும் உப்பும். காய்க்கு ஒரு தாளிப்பு. அரை மணி நேரம்தான். கேஸும் மிச்சம், கழுவும் பாத்திரமும் குறைவு. ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்பக் கூடாது. பருப்பு பொங்கும், அதனால் அது பாதிக்கு மேல் வேண்டாம். வெயிட் போடுவதற்கு முன் அந்த ஓட்டை வழியாக ஆவி வருகிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

இப்போது நான் வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

நான்காவது வாரம். விடிகாலை ஐந்தரை மணி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நம்ம முறை என்று மோட்டார் போடக் கீழே போனேன். அங்கே இரண்டு பேரோடு பேச்சு. மேலே பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. பர்னர் திறந்தே இருக்கிறது. கொசுவுக்காக ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறது. படுத்திருந்த என் மனைவிக்கு வாசம் வந்திருக்கிறது. "மணலிப் பக்கக் காத்து போலிருக்கு" என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். படியேறி வந்த எனக்கும் வாசம் வந்தது. நானும் அதையேதான் நினைத்தேன்.

இது நம்ம ஊரின் ஆபத்து. வேறு ஊரில் ஒரு வாசம் வந்தால் உடனே எழுந்து பார்ப்பார்கள். நமக்கு வாசம் பழகிவிட்டது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நமக்கெல்லாம் தெரியும். அப்படியிருந்தும் தினசரி வருகிற வாசத்தை நாம் கணக்கில் எடுப்பதில்லை. வெளியிலிருந்துதான் வருகிறது என்று மூக்கே தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

நான் உள்ளே நுழைந்து, இருட்டாக இருக்கிறதே என்று லைட் ஸ்விட்சுக்குக் கை நீட்டினேன். அதற்குள் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்திருந்த என் மனைவி, வழிந்த பாலைப் பார்த்துவிட்டு, "ஸ்விட்சைத் தொடாதீங்க!" என்று கத்தினாள். கை அப்படியே நின்றது. அந்தக் கை நின்றதால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஆகவே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அந்த வாசத்தைக் கலக்கிறார்கள். அது காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். வாசம் வந்தால் முதலில் வீட்டுக்குள் குனிந்து பாருங்கள், பிறகு மணலியைச் சந்தேகப்படலாம். லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பர்னரையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சாமி விளக்கு எரிந்தால் அணையுங்கள். தரை வழியாகக் காற்று வெளியேறும்படி கதவையும் பால்கனியையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தேதி அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதைப் பாருங்கள். முக்கியமானது, பாலை வைத்துவிட்டு யாரும் மோட்டார் போடப் போகாதீர்கள்.

இனி கொஞ்சம் அக்கம்பக்க விஷயம். சின்ன வீடு என்றால் நம் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுச் சுவரும்தான். காலை ஐந்து மணிக்கு மிக்ஸி ஓடினால் ராத்திரி ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுக்கிற பிள்ளை எழுந்துவிடும். சட்னிக்கு முந்தின நாளே பொட்டுக்கடலை, மிளகாய், உப்பை உலர்வாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் விட்டுக் கலக்கித் தாளித்தால் போதும், சத்தமில்லாத சட்னி.

அப்புறம் கருவாடு. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும், மீன் விலை ஏறும், நாம் கருவாட்டுக்குத் திரும்புவோம். கருவாட்டு வாசம் பிடிக்காதவர்களும் நம் 18 வீட்டுக்குள் இருக்கிறார்கள். சண்டை வேண்டாம். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் கழுவுங்கள். உப்பும் வாசமும் பாதி இறங்கிவிடும். எண்ணெயில் முதலிலேயே கருவாட்டைப் போடாமல், வெங்காயம், தக்காளி, பூண்டு, மிளகாய்த் தூள் வதங்கித் தொக்கான பிறகு கருவாட்டைச் சேர்த்து மூடி வையுங்கள். படிக்கட்டுப் பக்கக் கதவைச் சாத்தி, பால்கனிப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எதிர் வீட்டில் விசேஷம் என்றால் அன்றைக்கு வேண்டாமே.

இப்போது 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழை. தரைத்தளத்து நாலு வீட்டிலும் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. அந்த வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் படர்ந்து, மீனவர்கள் வலையைத் தொட முடியாமல் நின்றார்கள். நம் கட்டடத்தில் என்ன நடந்தது? கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்தார்கள். பிரிட்ஜ் நின்றுபோனதால் இருந்த மீனையெல்லாம் முதல் நாளே குழம்பு வைத்தோம். மாவு பொங்கியது, ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவந்து தோசையாக ஊற்றினோம். மிக்ஸி ஓடாததால் இடிகல்லில் பூண்டும் மிளகாயும் நசுக்கி என் மனைவி ஒரு புளிக்குழம்பு வைத்தாள். எட்டடிக்கு ஏழடி அடுப்படியிலிருந்து 11 பேர் சாப்பிட்டோம். நான் செய்த ஒரே வேலை டார்ச் பிடித்தது. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவரும் எங்களோடுதான் சாப்பிட்டார். "இவ்வளவு பேரோட உக்காந்து சாப்பிட்டு வருஷமாச்சும்மா" என்றார்.

தண்ணீர் வடிந்தது. கரண்ட் வந்தது. அவரவர் கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வருடம் ஒரு நாள், பத்து மணி ஆகியும் அவர் கதவில் பால் பை தொங்கிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு முறை அந்தப் படியில் ஏறி இறங்கினேன், பார்த்தேன், போய்விட்டேன். துணி காயப்போட வந்த முதல் மாடிப் பெண்தான் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. சாவி வாங்கித் திறந்தால், தரையில் விழுந்து கிடந்தார். முந்தின நாள் ராத்திரி இரண்டு பிஸ்கட்டும் டீயும்தான் சாப்பாடு. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கி மயக்கம். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். "ஒருத்தனுக்காக அடுப்பு பத்த வைக்கணுமான்னு இருந்தது" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் குத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளத்தில் அவருக்குச் சோறு போட்ட நாம், வெயிலில் விட்டுவிட்டோம்.

நம்ம ஊர்க் கோயிலோடு சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். வள்ளலார் சிறு வயதில் ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து வந்து தரிசனம் செய்துவிட்டுப் போவார். ஒரு நாள் ராத்திரி வெகு நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்தார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான அண்ணி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான், முதலில் வந்தவள் வடிவுடையம்மன் என்று தெரிந்தது என்பார்கள். அதே வள்ளலார் 1867-ல் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. நாம் தர்மசாலை வைக்க வேண்டாம். ஒரு கதவைத் தட்டினால் போதும்.

என் யோசனை இதுதான். நம் 18 வீட்டில் தனியாக இருப்பவர்கள் மூன்று பேர். மற்ற 15 வீடும் முறை வைத்து, சமைக்கும்போது ஒரு கிண்ணம் கூடுதலாக வையுங்கள். தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் என்னவோ அதுவே. உப்பு, சர்க்கரை, மாத்திரை விவரத்தை முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தானம் கொடுப்பதுபோல் கொடுக்காதீர்கள். "ரசம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க ஐயா" என்று கொடுங்கள். பெரியவர் இப்போது எங்கள் வீட்டுக்கு பீன்ஸ் நறுக்கித் தருகிறார். என்னைவிடப் பொடியாக நறுக்குகிறார். கிண்ணத்தையும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு வாழைப்பழமாவது இருக்கும்.

வேலைக்குப் போய் மெட்ரோவில் ஒன்பது மணிக்கு விம்கோ நகரில் இறங்கும் பிள்ளைகள் சமைக்க நேரமில்லை என்பார்கள். சரி, அவர்களுக்கு வேறு வேலை. காலையில் படியிறங்கும்போது கதவுகளைப் பாருங்கள். பால் பை உள்ளே போகாமல் தொங்கினால் ஒரு தட்டு தட்டுங்கள். திறந்தால் "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போங்கள். திறக்காவிட்டால் எனக்கு போன் செய்யுங்கள். என் வீடு இரண்டாவது மாடி, படிக்கட்டுக்கு எதிர்.

முறைப் பட்டியல் கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் வீட்டை எழுதிவிட்டேன். என் மனைவிக்குக் கை சரியாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சமையல் இன்னும் என்னுடையதுதான். நாற்காலி மட்டும் அடுப்படி வாசலிலேயே இருக்கிறது.